இரண்டாம் எண் பெட்டியின் மூடி

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட கொட்டகையில், ரஞ்சிதத்தின் இரண்டு பெட்டிகளும் நிற்கும். சாவு வீட்டில் உடலை வைக்கும் குளிர்பெட்டிகள். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு என்று போர்டு எழுதியிருந்தாலும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பொட்டி என்றால் போதும். இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் வாங்கியவை. எஃகுத் தொட்டி, அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி மூடி, ஒரு முனையில் மோட்டார், அடியில் நான்கு சக்கரங்கள். ஒன்றின் பக்கவாட்டில் பச்சை பெயிண்டில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் அவள் கணவர் சுந்தரமூர்த்தி.

போன் வந்தால் ரஞ்சிதம் முதலில் எந்தக் கிராமம் என்று கேட்பாள். அடுத்து, "ஊரா, காலனியா?" என்று கேட்பாள். இறந்தவரின் பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊர் என்றால் ஒன்றாம் எண், காலனி என்றால் இரண்டாம் எண். தொழில் தொடங்கும்போது பட்டறைக்காரரே சொல்லியிருந்தார், "ரெண்டா வாங்கிக்கோங்க. ஒண்ண வெச்சிக்கினு உங்க பக்கத்துல பொழைக்க முடியாது" என்று. திரும்பி வந்ததும் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே வாளித் தண்ணீரில், ஒரே தேங்காய் நார் பிரஷ்ஷால்தான் கழுவினாள். அதை யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பெண் அவள். சுந்தரமூர்த்தி மாரடைப்பில் போனபோது ஒன்றாம் எண் பெட்டியில் அவரையும் அவளேதான் வைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் குட்டியானை வண்டியின் சாவியைக் கையில் எடுத்தாள். ட்யூப்லைட்டைப் பார்த்தே கரண்ட் எவ்வளவு வருகிறது என்று சொல்லிவிடுவாள். பெட்டிக்குக் கீழே கை வைத்து, மோட்டாரின் நடுக்கத்தை வைத்தே அது இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணிப்பாள். அவளைத் தெரிந்தவர்கள் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

செஞ்சியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது கரிப்பாறைப்பட்டு. குவித்துக் கொட்டியது போன்ற கரும்பாறைக் குன்று ஒன்று, அதன் அடியில் ஏரி, ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. காலனியின் சுடுகாட்டுக்கு இரண்டு வழி. ஊரின் பெரிய தெரு வழியாகப் போனால் கால் மணி நேரம். ஏரிக் கால்வாய் ஓரமாகச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். காலனிப் பிணம் பெரிய தெருவில் போனதே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்து மழையில் கால்வாய் வழி முழுகிவிட்டது. அந்த வாரம்தான் மீனம்பாளின் மகன் செந்தமிழன், இருபத்திரண்டு வயது, பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்தான். பெரிய தெரு வழியாக எடுத்துப்போகக் காலனியார் கேட்டார்கள். ஊரில் பெரியவராக இருந்த விநாயகம், தன் மாட்டு வண்டியைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். மழையும் விடவில்லை, விநாயகமும் இறங்கவில்லை. செந்தமிழன் மூன்று நாள் இரண்டாம் எண் பெட்டியில் கிடந்தான்.

சுந்தரமூர்த்தி அப்போது உயிரோடு இருந்தார்; அவர் வண்டி ஓட்ட, ரஞ்சிதம் மூன்று நாளும் கூடவே போனாள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினாள், தண்ணீர்த் தட்டைக் காலி செய்தாள். மீனம்பாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து வலது கையைக் கண்ணாடி மேல் வைத்திருந்தாள். கரும்பு ஆலையில் மோதிர விரலை இழந்த கை. சாப்பிடக்கூட அந்தக் கையை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரஞ்சிதத்தைப் பார்த்து அவள் ஒரே ஒரு முறை பேசினாள்.

"நீ அவங்க ஆளு தானம்மா. நீ போய்ச் சொல்லேன். வெறுமனே ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேன்."

"நான் பொட்டிக்காரிங்க" என்றாள் ரஞ்சிதம். "எனக்கு இன்னா தெரியும்."

அன்று மாலை, இடுப்பளவு தண்ணீரில், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்வாய் வழியாகவே எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் காலனியார் ஊர் நிலத்தில் நாற்று நடவில்லை. பால் சொசைட்டி இரண்டானது. பஸ் இரண்டு இடத்தில் நின்றது. ஒருவர் சாவுக்கு மற்றவர் போகவில்லை.

பெட்டி திரும்பி வந்ததும் ரஞ்சிதம் வழக்கம்போல் கழுவிக் காயவைத்தாள். அடுத்த வாரம் அது வேறொரு கிராமத்துக் காலனிக்குப் போனது. மோட்டார் ஓடி அரை மணி நேரத்தில் மூடியின் உட்புறம் வெள்ளையாகப் பனி படர்ந்தது. ஓரிடத்தில் மட்டும் படரவில்லை. அங்கே கண்ணாடி தெளிவாக இருந்தது. ஒரு உள்ளங்கை, ஒரு கட்டைவிரல், இன்னும் மூன்று விரல். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் பனி.

கை எண்ணெய் படிந்திருக்கும் என்று நினைத்தாள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள். சுந்தரமூர்த்தி பிளேடால் சுரண்டினார். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. வெயிலில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. குளிர்ந்தால் மட்டும் வரும். மீனம்பாள் கை வைத்தது வெளிப்புறம். இது வந்தது உட்புறம்.

இன்னொன்றை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சாவு வீட்டின் திசைக்கு ஏற்ப, சில வீட்டில் மோட்டார் பக்கம் கால் வரும், சில வீட்டில் தலை வரும். எந்தப் பக்கம் தலை இருந்தாலும் அந்தக் கை முகத்துக்கு நேர் மேலே வந்தது. ஒருமுறை காலிப் பெட்டியைக் கொட்டகையில் ஓடவிட்டுப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் நின்றாள். முழுக் கண்ணாடியும் சீராக வெளுத்தது. கை வரவில்லை.

போகிற வீடுகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ சொந்தக்காரர் கை வைத்திருப்பார் என்று நினைத்தார்கள். சிலர் அந்த அச்சின் மேல் தம் கையை வைத்து அழுதார்கள். ரஞ்சிதம் அப்போதெல்லாம் வெளியே போய் நின்றுகொள்வாள்.

போன வருஷம் கோட்ட அலுவலகத்தில் ஒரு புது அதிகாரி, கரிப்பாறைப்பட்டுக்கு அமைதிக் குழு ஒன்று போட்டார். ஊரில் ஐந்து பேர், காலனியில் ஐந்து பேர். இரண்டு பக்கத்து வீட்டுக்குள்ளும் போய்வருகிற ஆள் யாராவது உண்டா என்று அவர் கேட்டபோது, இரண்டு பக்கமும் சொன்ன பெயர் ஒன்றுதான். பொட்டிக்காரி. அப்படித்தான் ரஞ்சிதம் பதினோராவது ஆளானாள்.

ஊர் பக்கத்துக்குத் தலைவர் தனகோட்டி, விநாயகத்தின் மகன். விநாயகம் அப்போது பக்கவாதத்தில் படுத்த படுக்கை. காலனி பக்கத்துக்கு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் பெரியதம்பி. செஞ்சியில் நடந்த முதல் கூட்டத்தில் இரண்டு பேரும் அதிகாரியின் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில் டீ வந்தது. பெரியதம்பி பேப்பர் கப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெட்ட டம்ளர் பிரச்சனைய தீத்து வெச்சது எந்த சர்க்காரும் இல்ல சார். இந்தக் கப்புதான். குடிச்சமா, கசக்கிப் போட்டமான்னு போய்க்கினே இருக்கலாம்."

தனகோட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறியது.

ரஞ்சிதம் கூட்டங்களில் அதிகம் பேசமாட்டாள். ஒருமுறை மட்டும், "பெரிய தெரு எத்தினி அடி இருக்கும்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் தனகோட்டியையும் பெரியதம்பியையும் அழைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். பாடை தூக்குகிறவர்களின் நடையில் எண்ணிக்கொண்டே நடந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு அடி வந்தது.

"இதுக்காடா?" என்றார் பெரியதம்பி, யாரிடம் என்று இல்லாமல்.  ஏழாவது கூட்டத்தில் தனகோட்டியே எழுந்து, காலனியில் அடுத்து வரும் சாவு பெரிய தெரு வழியாகப் போகலாம் என்று சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை எழுத்தில் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை விநாயகம் இறந்தார்.

ரஞ்சிதத்தின் பெட்டிகள் இரண்டும் முந்தின வாரம்தான் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய் வந்திருந்தன. ஒன்றாம் எண்ணுக்கு மோட்டார், இரண்டாம் எண்ணுக்கு மூடியைச் சுற்றி வரும் ரப்பர். எண்கள் தொட்டியில் எழுதப்பட்டிருந்தன, மூடியில் இல்லை. தனகோட்டி வீட்டுக் கூடத்தில் பெட்டியை இறக்கி, உடலை வைத்து, மூடியைப் பொருத்தும்போது ஓரத்தில் புது ரப்பர் அவள் விரலில் பட்டது. ஒன்றாம் எண்ணுக்குப் புது ரப்பர் போடச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். அதற்குள் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

மெக்கானிக் மூடிகளை மாற்றிப் பொருத்தியிருந்தான். அவள் சரிபார்க்காமல் வாங்கி வந்திருந்தாள்.

பகல் பதினோரு மணி. வெளியே பந்தலில் வெயில் கொளுத்தியது. கூடத்தில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பேரன் குரு சிங்கப்பூரிலிருந்து மறுநாள் காலைதான் வருகிறான். அதுவரை பெட்டி ஓட வேண்டும். ரஞ்சிதம் சுவர் ஓரமாக நின்று கண்ணாடியையே பார்த்தாள். கால்மாட்டில் முதலில் வெளுத்தது. பிறகு வயிறு, மார்பு. முகத்தருகே வந்ததும் பனி நின்றது. பிறகு மெதுவாக, கையைச் சுற்றிச் சுற்றிப் படர்ந்தது. நீர் ஒரு கல்லைச் சுற்றி ஏறுவது போல.

அவள் ஒரு மாலையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். தனகோட்டியின் மனைவி வளர்மதி அதைக் கீழே தள்ளினாள்.

"மூஞ்சி தெரியட்டும் ரஞ்சிதம். ஜனம் பாக்க வேணாமா?" என்றவள் குனிந்தாள். "யாரு இப்பிடிக் கைய வெச்சது?" முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. இன்னொருத்தியும் துடைத்தாள். ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது. வளர்மதி விரலை நீட்டி எண்ணினாள். எண்ணி முடித்ததும் கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு கை ஒருத்திக்குத்தான் இருந்தது.

தனகோட்டி உள்ளே வந்தார். தகப்பனின் முகத்தைப் பார்த்தார். மூடிய கண்களின் மேல் நான்கு விரல்கள் விரிந்திருந்தன. 

"ரஞ்சிதம்" என்றார். "இது இன்னா?"

யாரோ தெரியாமல் கை வைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடியில் கீறல் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. இந்த மூடி எங்கே இருந்தது என்று தெரிந்தால் தெரு ஒப்பந்தம் போய்விடும், அவள் தொழிலும் போய்விடும். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் இதே கிராமத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போனதும் நினைவில் இருந்தது.

"என் தப்புண்ணே. ரிப்பேருக்குப் போன எடத்துல மூடி மாறிட்டுது. நான் பாக்காம எடுத்தாந்துட்டேன். இது ரெண்டாம் நம்பர் மூடி. செந்தமிழன் மூணு நாளு கெடந்தது இதுலதான்."

வளர்மதியின் தம்பி சிவசங்கர் எகிறிக்கொண்டு வந்தான். "எங்க மாமாவக் கொண்டாந்து அவனுங்க பொட்டில போட்டியா? எங்கேருந்துடி இந்தத் துணிச்சலு? எவன் குடுத்தான் காசு?" வாசலில் பந்தல்காரர்கள் விட்டுப்போன கடப்பாரையை எடுத்தான்.

"ஒடச்சிக்கோ" என்றாள் ரஞ்சிதம். அவள் நகரவில்லை. "ஒடச்சா நாளைக்கிக் காலையில குரு வரும்போது தாத்தா இப்பிடி இருக்கமாட்டாரு. இந்த வெயிலு உனக்குத் தெரியாதா?"

"இன்னொரு பொட்டி இருக்குதில்ல? அத எடுத்தா."

"அதுக்குக் காலனி தொட்டி, ஊரு மூடி. இதுக்கு ஊரு தொட்டி, காலனி மூடி. எது வேணும் சொல்லு, எடுத்தாறேன். இத்தினி வருஷமா ரெண்டையும் ஒரே பிரஷ்ஷாலதான் கழுவறேன். அதையும் சேத்து ஒடச்சிக்கோ."

சிவசங்கர் கடப்பாரையை ஓங்கினான். பெட்டிக்கு அருகில் வந்ததும் கை அப்படியே நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் கை அவனைத் தடுப்பது போலவும் இருந்தது, கிழவரின் முகத்தைக் காப்பது போலவும் இருந்தது. அவன் கடப்பாரையைத் தரையில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

 வளர்மதிதான் பேசினாள். கணவனைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா மொகத்து மேல அவங்க கை இருக்குது. நாம தொடச்சா போவல. வெச்சவங்களையே வந்து எடுக்கச் சொல்லுங்க."

"யாரு போய்க் கூப்புடறது?" என்றார் தனகோட்டி.

எல்லோரும் ரஞ்சிதத்தைப் பார்த்தார்கள்.

ஏரிக்கரையைத் தாண்டிக் காலனிக்குப் போக அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. மீனம்பாள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியதம்பி. சாவுச் செய்தி வந்து, போவதா வேண்டாமா என்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சிதம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வருஷமாக அந்தக் கை வருவதையும், முகத்தைத் தேடி வருவதையும், தான் அதை மறைத்ததையும் சொன்னாள்.

பெரியதம்பி எழுந்துவிட்டார். "இன்னாம்மா சொல்ற நீ? கை வருதா? இத எவன்னா நம்புவானா?"

மீனம்பாள் ஆச்சரியப்படவில்லை. கொட்டை எடுத்த புளியை முறத்தில் ஒதுக்கினாள். பிறகு வலது கையை ரஞ்சிதத்திடம் நீட்டினாள்.

"தொட்டுப் பாரு."

ரஞ்சிதம் தொட்டாள். பகல் வெயிலில் உட்கார்ந்திருந்தவளின் கை. கொட்டகையில் பெட்டியைத் திறந்ததும் தொட்டியின் எஃகு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அன்னிக்கிலேருந்து இப்பிடித்தான். அடுப்புல காட்டினாலும் சூடேறல. ஆஸ்பத்திரியில ரத்த ஓட்டம்னு மாத்திரை குடுத்தான். நான் எங்கியோ கைய வெச்சிட்டு வந்துட்டன்னு எனக்குத் தெரியும். எங்கன்னுதான் தெரியல." கையை இழுத்துக்கொண்டாள். "எந்த வழியா வரது?"

"பெரிய தெரு வழியாத்தான் யக்கா. கூப்டது அவங்க."

"நீ முன்னால நட."

பெரியதம்பியும் வந்தார். மூன்று பேரும் தெருமுனையைக் கடந்தபோது பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கா, அடிக்கவா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. சிவசங்கர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  ரஞ்சிதம் வாய்க்குள் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்று அறுபதில் தனகோட்டி வீடு வந்தது.

மீனம்பாள் வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். வளர்மதி எழுந்து வந்து, "உள்ள வாங்க" என்றாள்.

பெட்டியின் தலைமாட்டில் போய் நின்று மீனம்பாள் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். விரல்களுக்கு இடையே தெரிந்த முகத்தைப் பார்த்தாள். வண்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்த முகம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"இவ்ளோ சின்னதாயிட்டாரா" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைத் தொடவில்லை.

"எடுத்துடும்மா" என்றார் தனகோட்டி. அவர் அவளை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "நைனா செஞ்சதுக்கு நான் கேட்டுக்கறேன். தப்புதான். எடுத்துடு."

"நான் வெச்சது என் பையன் மேல. இங்க நானா வந்து வெக்கல, எடுக்கறதுக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. "மூணு நாளு. தண்ணியா கொட்டுது. இந்தத் தெருவுலேருந்து ஒருத்தராச்சும் வந்து எட்டிப் பாப்பாங்கன்னு இருந்தேன். வழி உடாட்டிப் போவட்டும். பொணத்தப் பாத்துட்டுப் போவலாமில்ல? எதிரி சாவுக்குக்கூடப் போவாங்க."

 அவள் வளர்மதியைப் பார்த்தாள். "ஒரு நாற்காலி போடும்மா. கால் வலிக்குது."

நாற்காலி வந்தது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கிழவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்துப் பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி ஒப்பாரியைத் தொடங்கினாள். மாலை வரை அப்படியே போனது. பெரியதம்பி வெளியே பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். யாரோ அவருக்கு டீ கொண்டுவந்தார்கள். எவர்சில்வர் டம்ளர்.

"இன்னா, கப்பு தீந்துபோச்சா?" என்றார் அவர். 

கை போகவில்லை. மாலையில் மீனம்பாள் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் இருந்தது. மறுநாள் காலையில் குரு வந்து பார்த்தபோதும் இருந்தது. உடலை வெளியே எடுத்து மூடியைச் சாய்த்து வைத்ததும்தான் வெயிலில் மெல்லக் கரைந்தது. ரஞ்சிதம் தட்டில் சேர்ந்த தண்ணீரை வெளியே ஊற்றினாள். யாரும் அவளிடம் வாடகையைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

கொள்ளி வைத்தவர் காரியம் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை தனகோட்டி செஞ்சிக்கு வர முடியாது. கூட்டம் தள்ளிப்போகும், அப்படியே கலைந்தும் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தனகோட்டி அதிகாரிக்குப் போன் செய்து, எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். காலனியின் ஐந்து பேரும் வந்தார்கள். ஊர் பக்கம் மூன்று பேர் வரவில்லை. ஒருவர் வயலில் வேலை என்றார், இருவர் போனையே எடுக்கவில்லை. மொட்டைத் தலையோடு தனகோட்டி கையெழுத்துப் போட்டார். பிறகு மற்றவர்களும் போட்டார்கள்.

பேனாவை மூடும் முன் பெரியதம்பி ஒன்று கேட்டார்.

"பொணம் தாண்டிப் போனதும் வாசல்ல தண்ணி ஊத்துவீங்க இல்ல? எங்களுதுக்கும் ஊத்துவீங்களா?"

தனகோட்டிக்குக் கேள்வி புரிய நேரம் ஆனது. எந்த வீட்டுப் பிணம் போனாலும் தெருவில் அப்படி ஊற்றுவதுதான் வழக்கம். ஊற்றினால் தீட்டுக் கழுவுகிறார்கள் என்று காலனிப் பையன்கள் கொதிப்பார்கள். ஊற்றாவிட்டால், எங்கள் பிணத்தைப் பிணமாகக்கூட நினைக்கவில்லை என்பார்கள்.

"எழுதிக்கலாமா?" என்றார் அதிகாரி.

"இன்னான்னு சார் எழுதறது?" என்றார் தனகோட்டி. அந்த இடம் காலியாகவே விடப்பட்டது.

மூன்றரை மாதம் கழித்து, ஆவணிக் கடைசியில், பெரியதம்பியின் அண்ணன் இறந்தார். கொட்டகையில் எது கைக்கு எட்டியதோ அந்தப் பெட்டியை ரஞ்சிதம் அனுப்பினாள். எண்களை அவள் ஏற்கெனவே சுரண்டிவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு நான்கு கிராமங்களிலிருந்து ஊர்க்காரர்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பாடை தெருமுனைக்கு வந்தது. முன்னால் தனகோட்டி நடந்தார். முடி இன்னும் சரியாக வளரவில்லை. பறை அடித்துக்கொண்டு வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு நாய்கூட வெளியே இல்லை. ஜன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது மட்டும் தெரிந்தது.  பாடைக்குப் பின்னால் காலனி ஆட்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெண்களும் வந்திருந்தார்கள், மீனம்பாளும் வந்தாள். எல்லோருக்கும் பின்னால், காலிப் பெட்டியை ஏற்றிய வண்டியை ரஞ்சிதம் முதல் கியரில் ஓட்டிவந்தாள்.

பாடை பாதித் தெருவைத் தாண்டியபோது பின்னால் ஒரு கதவு திறந்தது. சளேர் என்று தண்ணீர் தரையில் விழுந்தது.

பறை நின்றது. பையன்கள் திரும்பினார்கள். ஒருவன் கையில் கல் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. வாசலில் வளர்மதி காலிக் குடத்தோடு நின்றாள். அவள் உள்ளே போகவில்லை, கதவையும் சாத்தவில்லை. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. முகம் தெரியாமல் ஒரு கை மட்டும் வெளியே வந்து செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனது. அதற்கு எதிர்வீடு. அதற்கு அடுத்தது. தெரு நெடுகத் தண்ணீர் விழும் சத்தம் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எந்தக் கை எதற்காக ஊற்றியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கல் வைத்திருந்தவன் மீனம்பாளைப் பார்த்தான். மற்றவர்களும் அவளையே பார்த்தார்கள். அவள் ஈரத் தரையைப் பார்த்தாள், வளர்மதியைப் பார்த்தாள். 

"கெழவனுக்கும் இப்பிடித்தான் ஊத்துனாங்க. நான் பாத்தேன்" என்றாள். அவள் விநாயகத்தின் ஊர்வலத்துக்கு வரவே இல்லை என்று ரஞ்சிதத்துக்குத் தெரியும். "கீழ போடுடா அத. தூக்கறவனுக்குத் தோள் வலிக்குது பாரு. நடங்க."

பறை மறுபடி தொடங்கியது. ரஞ்சிதம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி ஈரத்தின் மேல் உருண்டது.